இருபத்துநான்காவது திராட்சை

நான் வேலை செய்யும் வீட்டின் முன்கூடத்தில் ஒரு பழைய கணப்பு இருக்கிறது. அதன் மேல்தட்டுக்கு இரு பக்கமும் வோல்நட் மரத்தில் செதுக்கிய இரண்டு திராட்சைக் குலைகள் தொங்குகின்றன. இடப்பக்கக் குலையில் இருபத்துமூன்று பழங்கள். வலப்பக்கக் குலையில் இருபத்துநான்கு. விக்ரோறியா மகாராணி காலத்துத் தச்சர் ஏன் ஒன்றைக் கூட வைத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் மென்மையான பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் அந்தப் பழங்களின் தூசியைத் துடைக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இருபத்துமூன்றுடன் முடியாமல் இன்னும் ஒன்று மிஞ்சும்போது எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும். ஒரு செக்கன்தான். பிறகு அதையும் துடைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய்விடுவேன்.

வீடு ரொறன்ரோவின் கபேஜ் ரவுணில், மேப்பிள் மரங்கள் நிற்கும் ஒரு சிறிய தெருவில் இருக்கிறது. சிவப்புச் செங்கல். கூரையின் முக்கோண முகப்பில் லேஸ் பின்னியதுபோல அறுத்துச் செதுக்கிய பலகை. உள்ளே படிக்கட்டின் கைப்பிடியைத் தாங்கி ஐம்பத்தெட்டுக் கடைசல் தூண்கள். முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் மரத்தாலான ஒரு வளைவு. அதில் சூரியகாந்திப் பூக்கள். இப்போது அது விருந்தினர் விடுதி. மேலே ஐந்து அறைகள். சொந்தக்காரி எண்பத்தொரு வயது வெள்ளைக்காரப் பெண்மணி, இளைப்பாறிய இசை ஆசிரியை. முன்கூடம் இருக்கும் அதே தளத்தின் பின் அறையில் தனியாக இருக்கிறார். அறைகள், காலைச் சாப்பாடு, மரவேலை மூன்றும் என் பொறுப்பு.

எங்கள் வீடு அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம், பனி கொட்டிக்கிடந்தால் பன்னிரண்டு. சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடி ஒன்றின் பத்தொன்பதாம் மாடியில், இது நடந்த காலத்தில், நானும் தங்கச்சியும் இருந்தோம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அதே கட்டடம்தான். இலை உதிர்ந்த காலத்தில் எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் விடுதியின் முகப்புப் பலகை தெரியும். அப்போது எனக்கு ஐம்பத்துமூன்று வயது, கலியாணம் செய்யவில்லை. தங்கச்சிக்கு முப்பத்தெட்டு. மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒக்ரோபர் மாதம். தங்கச்சிக்கு ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு வயது, கணினி வேலை. ஒன்பது வயதில் தாய் தகப்பனை இழந்தவர். அவரைத் தூக்கி வளர்த்தவர் பெரியம்மா. அந்தப் பெரியம்மா சம்மதித்து ஓம் என்று சொல்லாமல் அவர் ஓர் அடியும் எடுத்துவைக்க மாட்டார் என்பதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே தங்கச்சியிடம் சொல்லியிருந்தார். பெரியம்மா அதற்கு முன் மூன்று சம்பந்தங்களை வேண்டாம் என்றிருக்கிறார். ஒன்றில், பெண் வீட்டுக் குசினித் தொட்டியில் கழுவாத கோப்பைகள் கிடந்தனவாம். இன்னொன்றில் யன்னல் திரையில் நூலாம்படை. மூன்றாவதன் காரணத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் தடவை பெண் வீட்டுக்கு வந்து பார்ப்பதுதான் முறை. ஆனால் அந்தக் கிழமை எங்கள் கட்டடத்தில் மூன்று லிஃப்ற்றுகளில் இரண்டு பழுது. மூன்றாவது எல்லா மாடியிலும் நின்று நின்று வந்தது. பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நான் விடுதிச் சொந்தக்காரியிடம் கேட்டேன். ஞாயிறு பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை முன்கூடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவலை நானே எழுதி அனுப்பினேன். ஐந்து வரிகள். வீட்டு இலக்கம், நேரம், காரை எந்தப் பக்கம் நிறுத்தலாம், வாசலில் படிகள் மூன்று, வலது பக்கம் கைப்பிடி உண்டு. அது யாருடைய வீடு என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. வாசலில்தான் விடுதியின் பெயர்ப்பலகை தொங்குகிறதே.

தொங்கவில்லை. வருடாவருடம் ஒக்ரோபர் இரண்டாம் கிழமை அந்தப் பலகையைக் கழற்றி வார்னிஷ் பூசுவது என் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் கழற்றிப் பூசி நிலக்கீழ் அறையில் காயவைத்திருந்தேன். அட்டவணை அட்டவணைதான்.

சனிக்கிழமை பின்னேரம் தங்கச்சி சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். நான் உருளைக்கிழங்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, நாளைக்கு ஆர் என்ன பிழையாச் சொன்னாலும் நீங்கள் திருத்தக்கூடாது."

"பெரிய பிழையெண்டா?"

"எந்தப் பிழையும்."

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய சம்பந்தம் பேச வந்தபோது மாப்பிள்ளையின் தகப்பன் தாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் ஏறிய ஸ்ட்ரீட்காரின் இலக்கத்தைச் சொன்னார். அந்த இலக்கம் அந்த வீதியில் ஓடவேயில்லை. சொன்னேன். பிறகு ஒரு பெரிய பனிமழையைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன வருடம் பிழை. அதையும் சொன்னேன். அவர்கள் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. அன்று நான் நாலு தரம் திருத்தினேன் என்கிறாள் தங்கச்சி. மூன்று தரம்தான்.

ஒருவரையும் திருத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சேலையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை அயர்ன் பண்ணினாள். பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு," என்றாள்.

அவள் அப்படி ஒன்றை என்னிடம் சொன்னது அதுவே முதல்முறை. அன்றைய டயரிப் பக்கத்தில் அதை மட்டும் எழுதிக் கீழே கோடிட்டேன்.

ஞாயிறு 2:56க்கு அவர்கள் வந்தார்கள். பெரியம்மா, பெரியப்பா, மாப்பிள்ளை. நான் முன்வாசல் படலையடிக்குப் போய் வரவேற்றேன். பெரியம்மாவை அன்ரி என்றும் பெரியப்பாவை அங்கிள் என்றும் கூப்பிட்டேன். அன்ரி குள்ளமான, நிமிர்ந்த மனுசி. படலையைப் பிடித்தபடி அண்ணாந்து முகப்புப் பலகையைப் பார்த்தார்.

"என்ன வடிவான வீடு தம்பி. நல்ல கவனமா வச்சிருக்கிறியள்."

அவர் என்ன நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கியது. ஆனால் வசனமாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. வீடு வடிவானது. கவனமாக வைத்திருப்பது நான். திருத்த ஒன்றும் இல்லை, திருத்துவதில்லை என்று வாக்கும் கொடுத்திருந்தேன். "வாங்கோ அன்ரி, படி மூண்டு," என்றேன்.

உள்ளே சப்பாத்துத் தட்டில் விடுதி விருந்தினரின் ஏழு சோடிகள் ஏற்கெனவே இருந்தன. அன்ரி குடும்பத்தார் தங்களுடையவற்றை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அன்ரி ஏழு சோடியையும் பார்த்தார். 

பிறகு அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் வேலையைத் தொடங்கியது. படிக்கட்டின் அடித்தூணில் ஓடியது, கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தடவியது, கதிரை முதுகின் பூவேலைக்குள் நுழைந்தது. ஒவ்வொரு தரமும் விரல்நுனியைப் பார்த்து, பெருவிரலால் உரசி, அடுத்த இடத்துக்குப் போனார். நகைக்கடையில் பவுண் உரைத்துப் பார்க்கிறவர் முகத்தில் இருக்கிற அதே அமைதி. முன்கூடத்து மேசையில் அமர்ந்ததும் மேசைப் பலகையின் அடிவிளிம்பைத் தடவினார். அங்கே ஒருவரும் துடைப்பதில்லை. நான் துடைப்பேன், வெள்ளிக்கிழமைகளில்.

அங்கிள் வேறு மாதிரி. அவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். கடையில் தேங்காய் தெரிவு செய்பவரைப் போல விரல் மூட்டால் இரண்டு தட்டு, காதைச் சரித்து ஒரு கேட்பு.

"தேக்கோ தம்பி?"

"இல்லை அங்கிள், ஓக். கணப்பு மட்டும் வோல்நட்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது திருத்தம் ஆகாது என்று எனக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். அதனால் ஓக் எங்கே வெட்டியது, மெழுகு எப்போது பூசுவது, குளிர்காலத்தில் எந்தக் கதவு இறுகும் என்று விரிவாகவே சொன்னேன். ஊரில் அவருடைய தாய்மாமனுக்கு மரக்காலை இருந்ததாம். விறகுக்கும் பலகைக்கும் நடுவில் கிடந்து வளர்ந்தேன் என்றார். கணப்புக்கு முன்னால் நீண்ட நேரம் நின்று, "அச்சா முந்திரிகைக் குலை," என்று அந்தத் திராட்சைகளைப் புகழ்ந்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் பழங்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தங்கச்சிக்கு எதிர்க் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். அதிகம் கதைக்கவில்லை. நான் தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்தேன். ரோல்ஸ் நான் செய்தது என்று தெரிந்ததும் அன்ரி என்னை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏன் தம்பி இன்னும் கட்டவில்லை என்ற கேள்வி அந்தப் பார்வையில் முழுதாக இருந்தது. வாயால் கேட்கவில்லை. அந்த மட்டில் நல்ல மனுசி.

3:20க்குப் படிக்கட்டில் காலடி கேட்டது. இரண்டாம் இலக்க அறைக்காரர், கல்கரியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய உடம்புக்காரர், குளியல் அங்கியோடு பாதிப் படியில் நின்று இன்னொரு துவாய் கிடைக்குமா என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் எங்கள் கூட்டத்துக்குக் கைகாட்டிவிட்டு மேலே போனார்.

அன்ரி குரலைத் தாழ்த்தி, "மேலயும் ஆக்கள் இருக்கினமோ?" என்றார்.

"ஓம் அன்ரி. இப்ப மூண்டு அறையில."

"நல்லது. எங்கட பேஸ்மென்ரிலயும் ரெண்டு பெடியள். ஆனா துவாய் குடுக்கிறேல்லை."

ரொறன்ரோவில் எங்கள் சனத்தில் வீடு வாங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுத்தான் கடன் கட்டுகிறார்கள். அதனால் முன்பின் தெரியாத ஒருவர் அங்கியோடு படியிறங்கி வருவது அவருக்கு ஓர் ஆச்சரியமாகவே இல்லை. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அன்று வந்திருந்தால் அந்தக் கணத்தில் எல்லாம் வெளித்திருக்கும். எங்களுக்கு வெளிக்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்று பத்து நிமிடத்தில் நடந்தது. சொந்தக்காரி தோட்டத்திலிருந்து வந்தார். வசந்தத்தில் பூக்கும் பூக்கிழங்குகளை நட்டுவிட்டு வருகிறார்; முழங்காலில் மண், தலையில் ஒரு பழைய கம்பளித் தொப்பி. விருந்தினர் இருப்பதைக் கண்டு மன்னிப்புக் கேட்டு, எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அன்ரி எழுந்து நின்று, தட்டில் இரண்டு ரோல்ஸை எடுத்துவைத்து அவர் கையில் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொந்தக்காரி மகிழ்ந்துபோய் நன்றி சொல்லி, தோட்டக் கருவிகளை வைப்பதற்காகத் தட்டோடு நிலக்கீழ் அறைப் படியில் இறங்கிப் போனார்.

"பாவம்," என்றார் அன்ரி, அந்தக் கதவைப் பார்த்தபடி. "இந்த வயசில பேஸ்மென்ரில தனிய. பிள்ளையள் இல்லையோ?"

"பிள்ளையள் இல்லை," என்றேன். அதுவும் உண்மை. ஆனால் நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்த உண்மை. ஒரு மனுசியை அவருடைய சொந்த வீட்டின் நிலக்கீழுக்கு அனுப்பிவிட்டு நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

இதில் நான் என் பங்கையும் சொல்லவேண்டும். வாக்குக் கொடுத்ததால் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மரவேலையைப் புகழ்வார்கள். புகழ்ச்சி தச்சருக்குப் போகும், அல்லது சொந்தக்காரிக்குப் போகும். படம் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். விரலால் தடவிப் பார்த்து, தூசி இல்லை என்று கண்டு, அதற்காக என்னைப் பார்த்துத் தலையசைத்த முதல் ஆள் அன்ரிதான். வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தலையசைப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நான் பயந்தேன்.

3:48க்கு அழைப்பு மணி அடித்தது. நாலு மணிக்கு வரவேண்டிய ஒரு தம்பதி பன்னிரண்டு நிமிடம் முந்தி வந்துவிட்டார்கள். நான் வெளிக்கூடத்தில் வைத்து அவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, சாவி கொடுத்து, காலைச் சாப்பாட்டு நேரம் சொல்லி, பெட்டிகளை மேலே ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பினேன். எட்டு நிமிடம் ஆனது.

திரும்பி வந்தபோது அங்கிள் கணப்புக்குப் பக்கத்தில் இல்லை. கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். வலக்கை கோட்டுப் பைக்குள் இருந்தது. இடக்கையால் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்ரி அதை அப்போதுதான் கண்டார். "இஞ்சாருங்கோ, என்ன உது, இடக்கையால?"

"வலக்கை விறைச்சுப்போச்சு."

கூடத்தின் வெப்பநிலை இருபத்திரண்டு பாகை. நான் திருத்தவில்லை.

நாலு மணி தாண்டியதும் அன்ரி தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் ஊர்க் கலண்டரில் நாலரைக்குத் தொடங்கும். ரொறன்ரோவின் சூரியனை வைத்துக் கணக்கிட்ட கலண்டரில் அன்று அது ஐந்து மணிக்குப் பிறகு. அன்ரி இரண்டையும் அனுசரிப்பவர். ஆகவே நாலரையிலிருந்து பொழுது படும்வரை அவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல்லும் வராது. ஓம் என்பதானால் நாலரைக்கு முன் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கும் அது தெரியும். அவள் சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டியும் விரித்தும் கொண்டிருந்தாள்.

4:14க்கு அன்ரி கோப்பையை வைத்தார்.

"தம்பி, எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. எனக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. வீட்டையும் பிடிச்சிருக்கு. எழுத்தை இந்தக் கூடத்திலயே வைப்பம். பிறகு ரெண்டு பேரும் மேல ரெண்டு அறையை எடுத்துக்கொண்டு இங்கயே இருக்கட்டும். உந்த ஆக்களுக்கு நோட்டீஸ் குடுத்தா எழும்பிடுவினம்தானே?" ஒரு கணம் யோசித்தார். "கீழ இருக்கிற மனுசி மட்டும் இருக்கட்டும். பாவம்."

எழுத்து என்றால் கலியாணப் பதிவு. அவ்வளவு தூரம் போய்விட்டது. அன்ரி எங்களுக்குக் கொடுக்க நினைத்த ஓம் அந்த வசனங்களுக்குள் வந்து நின்றது. ஆனால் அது நின்ற இடம் எங்களுடையதல்ல. நான் தங்கச்சியைப் பார்த்தேன். பேசாமல் இருக்கச் சொன்னால் இருப்பேன் என்றுதான் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை விட்டுவிட்டாள்.

"அண்ணை," என்றாள், "ஒரே ஒரு பிழையைத் திருத்துங்கோ."

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கம்.

"அன்ரி, இது என்ர வீடில்லை. இது கெஸ்ட் ஹவுஸ். நான் இங்க வேலை செய்யிறன், பதினொரு வருஷமா. நாங்கள் ரெண்டு பேரும் அங்கால தொடர்மாடியில பத்தொன்பதாம் மாடியில வாடகைக்கு இருக்கிறம். கீழ போன மனுசிதான் இந்த வீட்டுக்காரி."

 மேலே புதுத் தம்பதி பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அன்ரி நிலக்கீழ்க் கதவைப் பார்த்தார். பிறகு ரோல்ஸ் தட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

"முதலே சொல்லியிருக்கலாமே தம்பி."

சொல்லியிருக்கலாம்தான். படலையடியில் ஒன்று, துவாய் கேட்டபோது ஒன்று, சொந்தக்காரி வந்தபோது ஒன்று, மணி அடித்தபோது ஒன்று என நாலு இடத்தில் சொல்லியிருக்கலாம் என்பதை நான் நேர ஒழுங்கில் ஒப்புக்கொண்டேன். தங்கச்சி கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்ரி கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, வெளிக்கிடுவம். நாலு இருபதாகுது."

மாப்பிள்ளை, "பெரியம்மா," என்றார்.  அவர் முகத்திலிருந்த சிரிப்பு முதல் தடவையாக இறங்கியிருந்தது. நான் மேசையின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் தூசி இல்லை என்பது இப்போது ஒருவருக்கும் பிரயோசனமில்லை.

அங்கிள் எழுந்திருக்கவில்லை.

"பொறுமப்பா," என்றார் அன்ரியிடம். "வெளிக்கிட முந்தி நானும் ஒண்டு சொல்லவேணும்."

கோட்டுப் பையிலிருந்து வலக்கையை எடுத்தார். விறைத்துப்போன கையாகத் தெரியவில்லை. நன்றாக வியர்த்திருந்தது. அதை மேசையில் வைத்து விரித்தார். உள்ளங்கையில் ஒரு மரத் திராட்சை.

"செதுக்கினதோ ஒட்டினதோ எண்டு பார்க்க ஒருக்காத் திருகினனான். கையோட வந்திட்டுது."

 அங்கிள் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்கள்தான் வீட்டுக்காரன் எண்டு நினைச்சுப்போட்டன் தம்பி. அதுதான் வாய் வரேல்லை. இருபத்தெட்டு வருஷம் கிளீனிங் வேலை செய்தனான். ஓனரைக் கண்டா இண்டைக்கும் எனக்கு நடுக்கம். நீங்களும் வேலைக்கு நிக்கிற ஆளெண்டு தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பன்."

"அப்ப உதைப் பொக்கற்றுக்க வச்சுக்கொண்டு மார்க்கம் வரைக்கும் வந்திருப்பியளோ?" என்று அன்ரி கேட்டார்.

"தெரியாது," என்றார் அங்கிள் நேர்மையாக. "ரோல்ஸ் முடியட்டும், யோசிப்பம் எண்டு இருந்தனான்."

முதலில் சிரித்தது தங்கச்சி. முகத்தை மூடிய கைக்குள்ளேயே சிரித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளை சேர்ந்துகொண்டார். அன்ரி சிரிக்கவில்லை. ஆனால் கைப்பையை மடியிலிருந்து இறக்கிக் கதிரைக் காலோடு சாய்த்து வைத்தார். தன் பக்கத்தில் இப்படி ஒரு கை இருக்கும்போது மற்றவர்களின் மூடிய வாயைப் பற்றி என்ன சொல்வது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"உந்த மரமெல்லாம் துடைக்கிறது ஆர்?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான்."

"மேசைக்குக் கீழையுமோ?"

"வெள்ளிக்கிழமையில."

"பிள்ளைக்கும் உந்தப் பழக்கம் இருக்கோ?"

"இல்லை அன்ரி," என்றாள் தங்கச்சி.  அன்று எங்கள் பக்கத்தில் உண்மை சொல்லத் தொடங்கியபிறகு அதை நிறுத்த வழி இருக்கவில்லை. "எங்கட வீட்டிலயும் அண்ணைதான் துடைக்கிறவர்."

"எனக்கிருக்கு பெரியம்மா," என்றார் மாப்பிள்ளை. "நான் துடைப்பன்."

அன்ரி அவரை ஒரு தரம் பார்த்தார். தான் வளர்த்த பிள்ளைதானா என்று அளப்பதுபோல. பிறகு சுட்டுவிரலை இன்னொரு முறை மேசையில் ஓட்டி நுனியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. நாலரைக்கு முந்திச் சொல்லிப்போடுறன். எனக்குச் சம்மதம். வீடு ஆருடையதெண்டாலும் இருக்கட்டும்."

4:28. அதற்குப் பிறகு அவர் கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முழங்கால் வலியைப் பற்றியும் மார்க்கத்தில் காரை விட்டால் கடைக்குப் போக வழியில்லை என்பதைப் பற்றியும் பொழுது படும்வரை கதைத்தார். ஐந்து மணிக்குக் கூடத்தைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருந்தது. சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு சொந்தக்காரியிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். தன்னை நிலக்கீழில் தொடர்ந்து இருக்க அனுமதித்தார்கள் என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. திராட்சையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதன் அடியில் பழைய பிசின் மஞ்சளாக இறுகியிருந்தது. யாரோ எப்போதோ ஒரு தரம் உடைத்து ஒட்டியிருக்கிறார்கள். என்ன செய்வது என்பதை உன்னிடமே விடுகிறேன் என்று திருப்பித் தந்தார்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் முதலே தெரியும் என்பதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது தங்கச்சி சொன்னாள். நான் அனுப்பிய வீட்டு இலக்கத்தை அவர் தொலைபேசியில் தேடியிருக்கிறார். விடுதியைப் பற்றி விருந்தினர் எழுதிய கருத்துகளை எல்லாம் வாசித்திருக்கிறார். முட்டைப் பொரியலில் காரம் அதிகம் என்று ஒருவர் எழுதியதுவரை அவருக்கு மனப்பாடம். படலையடியில் பெரியம்மா முகம் மலர்ந்ததைக் கண்டதும் அதைக் கெடுக்க மனம் வரவில்லையாம். "அப்ப உனக்கும் தெரியுமோ, அவருக்குத் தெரியுமெண்டு?" என்று கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இப்போது திராட்சைக்கு வருகிறேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அது குசினித் தட்டில் ஒரு முட்டைக் கிண்ணத்துக்குள் இருந்தது. வியாழக்கிழமை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கணப்புக்குப் போனேன். இடப்பக்கக் குலை: இருபத்துமூன்று. வலப்பக்கக் குலை: இருபத்துமூன்று. முதல் தடவையாக இரண்டும் சரி. பதினொரு வருடமாக நான் விரும்பிய எண். என் கை பிரஷ்ஷோடு அந்தரத்தில் நின்றது. துடைக்க அடுத்த பழம் இல்லை. படிக்கட்டுக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை. குசினிக்குப் போய்க் கிண்ணத்தையும் பிசினையும் எடுத்துவந்தேன்.

எழுத்து அடுத்த மே மாதம் நடந்தது. அன்ரி சொன்னதுபோலவே அதே கூடத்தில்தான். ஐந்து அறைகளையும் அவர்களே எடுத்திருந்தார்கள். அன்ரி ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார். பெரிய வாளி நிறையப் பலகாரம், அதில் ஒரு பங்கு தனியாகக் கட்டி "கீழ் மனுசிக்கு" என்று. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அங்கிள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கணப்புக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

அன்ரி சப்பாத்தைக் கழற்றியதும் விரல் புறப்பட்டது. அடித்தூண், கைப்பிடி, கதிரை, மேசையின் அடிவிளிம்பு. நுனியைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. வலப்பக்கக் குலைக்கு வந்தார். ஒவ்வொரு பழமாகத் தடவிக்கொண்டு போனவர் கடைசிப் பழத்தில் நின்றார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இதில பிசின் தெரியுது."

நானும் குனிந்து பார்த்தேன். காம்போரம் நூலளவுக்கு ஒரு மஞ்சள் கோடு.

"ஓம் அன்ரி," என்றேன். "தெரியுது."

பின்னால் அங்கிள் ஒரு தரம் செருமினார். அந்த ஒன்றை இன்னொரு தரம் துடைக்க நான் பிரஷ்ஷை எடுத்துவரப் போனேன்.